பதிமூன்றாம் தடம்

ஒன்பதே முக்காலுக்கு உட்கார்ந்தேன்.
பத்துக்கு லாகின்.
இங்கே உங்களுக்கு யாரும் இல்லை என்றது மடிக்கணினி.
அப்படிச் சொல்லவில்லை,
எனக்கு அப்படிக் கேட்டது.

பட்டியலில் எல்லோரும் இருந்தார்கள்.
மாடிவீட்டு ஜோஸ்வா ஃபைபர்,
எதிர்ச்சாரி லேடீஸ் ஹாஸ்டல் இரண்டு,
நேற்றுவரை இல்லாத லேடீஸ் ஹாஸ்டல் மூன்று,
'காசு கட்டிப் போடுலே' என்று
யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர்.
சமாதானபுரமே வரிசையில் நிற்க
எங்கள் வீட்டை மட்டும் காணோம்.

ஐந்தடி தூரத்தில்
அரிசி டப்பாவுக்கும் கேஸ் புத்தகத்துக்கும் நடுவே
பச்சையாய்ச் சிமிட்டுகிறது ரூட்டர்.
ரூஃபஸ் போனில் கிரிக்கெட்.
டிவியில் ஒருத்தி அழுகிறாள், தடங்கல் இல்லாமல்.

"அணைச்சுப் போடுட்டி" என்றார் இவர்,
பனங்கிழங்குக்கு நார் உரித்தபடி.
அணைத்தேன். முப்பது எண்ணினேன். போட்டேன்.
டிவிக்காரி விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.
இது மட்டும் ஊமை.

மறந்துவிடு என்று ஒரு பொத்தான் இருக்கிறது.
அமுக்கினேன். மறந்தது.
திரும்ப நினைக்கப் பெயர் வேண்டும்,
பெயர்தான் பட்டியலில் இல்லையே.
விமானப் பொத்தானைப் போட்டு எடுத்தேன்.
டிரைவரைக் கழற்றி மாட்டினேன்.
பக்கவாட்டில் ஒரு தட்டு.
அது எந்த வழிகாட்டியிலும் இல்லை.

கனெக்‌ஷன் கொடுத்த இசக்கிராஜ்
கொக்கிரகுளம் பாலத்து ஹாரனுக்கு நடுவே கேட்டார்:
"லைட்டு பச்சையா, செவப்பா?"
"பச்சை."
"அப்ப நம்ம பக்கம் கரெக்டா இருக்கு மேடம்."
வைத்துவிட்டார்.
அவர் பக்கம் சரி, என் பக்கம் சரி.
நடுவில் ஐந்தடி.

பத்து ஏழு.
அமெரிக்காவில் யாரோ ஒருவரின் முழங்கால் செலவு
நான் எண் போடுவதற்காகக் காத்திருக்கிறது.

போனில் தடம் காட்டும் செயலி ஒன்றை இறக்கினேன்.
குன்று குன்றாய்க் கோடுகள்.
ஒன்றில் நாலு வீடு. ஆறில் ஐந்து.
பதினொன்றில் ஹாஸ்டல் மொத்தமும்,
சாயங்கால ஜங்ஷன் பஸ் படிக்கட்டு மாதிரி.
எங்கள் ரூட்டர் நெரிசலைப் பார்த்து,
யாரும் சொல்லாமலே,
பதிமூன்றில் போய் ஒதுங்கி நிற்கிறது.
யாரையும் இடிக்காமல்.
வளர்த்தது நாங்கள்தானே.

மடிக்கணினி, கொழுந்தனார் டாலஸில் வைத்திருந்து
போன வருஷக் கிறிஸ்துமசுக்குக் கொண்டுவந்தது.
அந்த ஊரில் தடங்கள் பதினொன்றோடு சரி.
நமக்கு எட்டு ஆகாது.
அதற்கு எட்டு எட்டும்,
பத்து எட்டும், பதினொன்றும் எட்டும்,
பதிமூன்று எட்டாது.
கண் கெடவில்லை, காது அடைக்கவில்லை.
அப்படி ஒரு எண் இருப்பதையே
அது கேள்விப்பட்டதில்லை,
ஒரு வருஷமாய் எங்கள் கரண்டைக் குடித்தும்.

சவம் என்றும் மூதி என்றும்
வைத வார்த்தைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்,
ஒன்றைத் தவிர.

போனிலிருந்தே ரூட்டருக்குள் நுழைந்தேன்.
அட்மின், அட்மின்.
மாற்றணும் மாற்றணும் என்று மூன்று வருஷம்.
தானியங்கியை எடுத்துவிட்டு ஆறைத் தொட்டேன்.
டிவிக்காரி வாய் திறந்தபடி நின்றாள்.
"எம்மா!" என்றான் ரூஃபஸ்.
பத்து நொடி
அந்த வீட்டில் யாருக்கும் யாருமில்லை.
பிறகு
ஹாஸ்டலுக்கும் ஜோஸ்வாவுக்கும் இடையில்
'ஞானதுரை இல்லம்'.

பத்தேகால்.
தாமதம் ஏன் என்றது கம்பெனித் திரை.
மின்தடை, உடல்நலம், இணையக் கோளாறு, இதர.
கோளாறு என்று யாரைச் சொல்ல?
இதரவைத் தொட்டேன்.
விளக்கத்துக்கு ஐம்பது எழுத்து இடம்.
எங்க வீடு பதிமூன்றில் இருந்தது என்று எழுதி
அழித்து
இணையக் கோளாறு என்றே போட்டேன்.

கிழங்கு ஒன்றை மேஜையில் வைத்து
"ஆச்சா?" என்றார்.
ஆச்சு. ஆறில்தான் கூட்டம்.
முழங்கால் மெல்ல
மெல்ல
இறங்கி வந்துகொண்டிருந்தது.